சூடானால் மட்டும் சார்ஜ் நிற்கும் வண்டி: மோட்டோ குஸ்ஸி 850 டி3 பற்றிய நிகழ்வு ஆய்வு

காலையில் கிளம்பும்போது வண்டியில் எந்தக் குறையும் இருக்காது. இரண்டு சிலிண்டரும் ஒழுங்காக அடிக்கும், ஐடிலிங் நிலையாக நிற்கும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் தயங்காமல் ஏறும். ஒன்றரை மணி நேரம் போல ஓட்டிய பிறகு, வேகம் கூட்டும்போது வலது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் இடதும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் இன்ஜின் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் சோலனாய்டு 'டிக்' என்பதோடு சரி.

வண்டி நண்பருடையது. மோட்டோ குஸ்ஸி 850 டி3 என்ற இத்தாலிய மோட்டார் சைக்கிள், 1970களின் பிற்பாதியில் செய்தது. என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே கார்புரேட்டர் இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்து, ஜெட் மாற்றி, பிளக்கும் பேட்டரியும் புதிதாகப் போட்டிருந்தார். குறை அப்படியே இருந்தது.

இதை முழுதாக எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. இந்த வண்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோளாறுகள் இருந்தன. முதலாவது எளிதில் கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்ததும் வீட்டு வாசலில் எடுத்த எல்லா அளவுகளும் நல்லதாகவே வந்தன. அங்கேயே நிறுத்தியிருந்தால் அடுத்த நீண்ட பயணத்தில் வண்டி மறுபடி நடுவழியில் நின்றிருக்கும்.

வண்டியின் அமைப்பு

ஜூலியோ சேசரே கார்கானோ வடிவமைத்து, 1967 முதல் வி7 வண்டியில் வந்த 90 பாகை வி-ட்வின் இன்ஜினின் வழிவந்தது இது. சிலிண்டர் விட்டம் 83 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 78 மி.மீ., 844 சி.சி. லீனோ டோன்டி 1971இன் வி7 ஸ்போர்ட்டுக்காக வரைந்த தாழ்வான சட்டகத்தில் உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; கிராங்க்ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். அதனால் பேட்டரிக்கு மின்சாரம் உண்டாக்கித் தரும் ஆல்டர்னேட்டர் இன்ஜினின் மூக்கில், முன்சக்கரத்துக்கு நேர் பின்னால், வட்ட மூடிக்குள் இருக்கிறது. ஆயில் வடிக்க வேண்டாம், செயினோ பெல்ட்டோ கழற்ற வேண்டாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. இந்த இன்ஜினை நான் நேசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குற்றம் ஏன் கார்புரேட்டரில் இல்லை

நண்பர் கார்புரேட்டரைச் சந்தேகித்ததில் நியாயம் இருந்தது. நின்ற வண்டியின் பிளக்குகள் கறுத்து ஈரமாக இருந்தன. திராட்டில் திறக்கும்போதுதான் மிஸ்ஸிங். பெட்ரோல் கலவை அதிகம் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் எரியாத பெட்ரோலும் பிளக்கை அப்படித்தான் கறுப்பாக்கும். பொறி பலவீனமானால் கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதி எரியாமல் போகும். திராட்டில் திறந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். பொறிக்கான உயர் வோல்டேஜைத் தருவது காயில்; அதற்குப் போகும் கரண்டை மூடித் திறக்கும் சுவிட்ச்தான் பாயின்ட். இன்ஜின் வேகம் கூடும்போது பாயின்ட் மூடியிருக்கும் நேரமும் குறைகிறது, காயிலில் கரண்ட் முழுதாக ஏற அவகாசம் கிடைப்பதில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து, மேல் வேகத்தில்தான் முதலில் மிஸ்ஸிங்காகத் தெரியும். டி3யில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயின்ட், தனி காயில். அதில் எது கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் முதலில் விடும். வலது முதலில், இடது பிறகு என்ற வரிசைக்கு இவ்வளவுதான் விளக்கம்.

எல்லாவற்றுக்கும் மேல், ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. கார்புரேட்டரால் பேட்டரியைக் காலி செய்ய முடியாது. நின்ற பிறகு பலமுறை ஸ்டார்ட் செய்து பார்த்ததால்தான் பேட்டரி இறங்கியது என்று நண்பர் நினைத்திருந்தார். முதல் அழுத்தத்திலேயே சுற்றியதா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தப் பதிலோடு பெட்ரோல் பக்கத்தை மூடிவிட்டு மின்சாரப் பக்கம் வந்தோம்.

காலையில் ஏன் நன்றாக ஓடியது? ஒவ்வொரு இரவும் வண்டியைச் சார்ஜரில் போட்டுவிடுவது அவர் வழக்கம். முகப்பு விளக்கு 45 வாட், பின் விளக்கு, மீட்டர் விளக்குகள், இரண்டு காயில் எல்லாம் சேர்த்தால் சுமார் 10 ஆம்பியர். இந்த வண்டிக்கு வந்த அசல் பேட்டரி 32 ஆம்பியர்-மணி. நண்பர் போட்டிருந்தது அதில் பாதி. சார்ஜே ஏறாவிட்டாலும் ஒன்றரை மணி நேரம் ஓட்ட அது போதும். வண்டி நின்ற நேரமும் கணக்கும் ஒத்துப்போயின.

சார்ஜ் விளக்கு வெறும் விளக்கு அல்ல

இந்தத் தலைமுறை ஆல்டர்னேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இதில் கை வைக்கக் கூடாது. உள்ளே சுற்றும் பாகமான ரோட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. அது ஒரு மின்காந்தம். கார்பன் பிரஷ் இரண்டும் அதோடு சுற்றும் ஸ்லிப் ரிங் வளையங்கள் வழியாக அதற்குக் கரண்ட் கொடுக்கின்றன. அந்தக் காந்தம் சுற்றும்போது ஸ்டேட்டர் என்ற அசையாத பாகத்தின் மூன்று சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. டயோடு போர்டில் உள்ள ஆறு பெரிய டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். மூன்று சிறிய டயோடுகள் ஒரு பகுதியை 'டி பிளஸ்' முனைக்குக் கொடுத்து, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக 'டிஎஃப்' முனைக்கும் அங்கிருந்து ரோட்டருக்கும் அனுப்பும். தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

ஆனால் தொடக்கத்தில் யாராவது ஒரு தள்ளு கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பது மீட்டர் பக்கத்தில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு. சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து பல்பு வழியாக ரெகுலேட்டருக்கும் ரோட்டருக்கும் கரண்ட் பாய்ந்து எர்த்தில் முடிகிறது. 3 வாட் பல்பு என்றால் கால் ஆம்பியர். ரோட்டரில் காந்தம் எழ அது போதும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டதும் பல்பின் இரு பக்கமும் ஒரே வோல்டேஜ் வந்துவிடும், விளக்கு அணையும்.

நண்பரின் வண்டியில் சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. இன்ஜினை ஓட விட்டோம். விளக்கு அணையவில்லை. பேட்டரி முனையில் 12.4 வோல்ட். மெதுவாக ரேஸ் கூட்டினால் 3500 ஆர்.பி.எம். நெருங்கும்போது விளக்கு சட்டென்று அணைந்து வோல்டேஜ் 14ஐத் தொட்டது. அதன்பின் ஐடிலிங்கிற்கு இறக்கினாலும் விளக்கு வரவில்லை. "அது எப்போதுமே அப்படித்தான், கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் அணையும். நான் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்" என்றார் நண்பர்.

பல்பைக் கழற்றினோம். எல்இடி. முன்னாள் உரிமையாளர் யாரோ மீட்டர் விளக்குகளை மாற்றும்போது இதையும் சேர்த்து மாற்றியிருக்கிறார். எல்இடி எரிய 20 மில்லி ஆம்பியர் போதும். ரோட்டருக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான், பல்பு கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ரோட்டர் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்து, மேல் வேகத்தில்தான் ஆல்டர்னேட்டர் விழித்தது. நெரிசலில் மெதுவாக ஓட்டிய நேரமெல்லாம் பேட்டரி தனியாகவே சுமந்திருக்கிறது.

3 வாட் பல்பைப் போட்டோம். இன்ஜின் பிடித்து லேசாக ரேஸ் கொடுத்ததுமே விளக்கு அணைந்தது. 3000 ஆர்.பி.எம்.மில் 14.1 வோல்ட். எதிர்பார்ப்பது 13.8 முதல் 14.2 வரை. புத்தகத்தில் போட்ட மாதிரி இருந்தது.

எஞ்சிய சந்தேகம்

இதோடு முடிந்தது என்று நண்பர் கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்று இடித்தது. எல்இடி விளக்குவது, ஆல்டர்னேட்டர் ஏன் தாமதமாக விழிக்கிறது என்பதை மட்டும். ஒருமுறை விழித்துவிட்டால் சிறிய டயோடுகள் பார்த்துக்கொள்ளும், அதற்குப் பிறகு விளக்கின் தயவு தேவையில்லை. நண்பரின் வண்டி நின்றதோ நெடுஞ்சாலையில், நான்காவது ஐந்தாவது கியரில், 3500க்கு மேலே வெகுநேரம் ஓடிய பிறகு. அந்த வேகத்தில் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும், பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். கண்டுபிடித்த காரணம் எல்லா அறிகுறியையும் விளக்கவில்லை என்றால் இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

குறை வந்தது ஓடிச் சூடான வண்டியில். நாங்கள் அளந்தது குளிர்ந்த வண்டியில். அதனால் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளோடு நீண்ட வயரில் இணைத்து, இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து, மீட்டரைப் பெட்ரோல் டாங்க் மேல் ஒட்டிக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பினோம். முக்கால் மணி நேரம் போல 14 வோல்ட் அசையாமல் நின்றது. அப்புறம் 12.6. திரும்ப 14. மறுபடி 12.6, பிறகு 12.4, ஏறவே இல்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை.

இந்த இடம்தான் பலரைக் குழப்பும். சார்ஜ் இல்லை என்றால் விளக்கு எரிய வேண்டுமே? விளக்கு எரிய வேண்டுமென்றால் அதன் கரண்ட் ரோட்டர் வழியாக எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வழியே அறுந்திருந்தால் விளக்கும் எரியாது. டயோடு போயிருந்தால் பெரும்பாலும் விளக்கு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். வோல்டேஜ் விழுந்தும் முழு இருட்டு என்றால் நான்கு இடம்தான்: ரெகுலேட்டர், டிஎஃப் வயர், பிரஷ், ரோட்டர். ஸ்டேட்டரும் டயோடு போர்டும் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து போய்விட்டன.

ரெகுலேட்டரைத் தாண்டி ஒரு சோதனை

வீட்டுக்கு வந்ததும் ஆற விடாமல் அடுத்த சோதனை. ரெகுலேட்டரிலிருந்து டிஎஃப் வயரைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, அந்த வயருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தோம். இப்போது ரோட்டர் முழு பலத்தில் இருக்கும், கட்டுப்படுத்த யாரும் இல்லை. அதனால் முகப்பு விளக்கை எரிய விட்டு, 2000 ஆர்.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. பேட்டரி வோல்டேஜ் 15ஐ நெருங்கினால் உடனே நிறுத்த வேண்டும். பல மல்டிமீட்டர்களில் 10 ஆம்பியர் நிலை கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே தாங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதே அளவைக் கிளம்புவதற்கு முன்பு குளிர்ந்த வண்டியில் எடுத்து வைத்திருந்தோம்: 3.5 ஆம்பியர். சூட்டில் 2.8. இந்தக் குறைவு கோளாறு அல்ல. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.4 சதவீதம் போல ஏறும். 70 பாகை சூடேறினால் 3.4 ஓம் ரோட்டர் 4.3 ஓம் ஆகும், கரண்ட் அதற்கேற்ப இறங்கும். மெதுவாக, சீராக இறங்கினால் அது இயற்கை. இங்கே ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகியதும் 2.8 ஒரே தாவலில் பூஜ்யத்துக்குப் போனது. விட்டால் திரும்பி வந்தது. ரெகுலேட்டர் இப்போது சுற்றிலேயே இல்லை, எனவே குற்றம் அதனுடையதல்ல. டிஎஃப் வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், மாற்றம் இல்லை. பிரஷ் நீளம் போதுமானதாக இருந்தது, ஸ்பிரிங் அழுத்தமும் நன்றாக இருந்தது. ஸ்லிப் ரிங்கில் கறுப்புப் பிசுக்கு இருந்தது; துடைத்துவிட்டு மறுபடி பார்த்தோம், அதே தாவல்.

இன்ஜினை நிறுத்தி, பிரஷ்களைத் தூக்கிவிட்டு இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் நடுவே ஓம் அளந்தால் 4.3. நல்ல ரோட்டரின் அளவு. நின்றிருக்கும்போது எவ்வளவு சூட்டில் அளந்தாலும் இந்த ரோட்டர் தேறிவிடும். சூடும் சுழற்சியும் சேர்ந்தால் மட்டும்தான் அறுந்தது. மேசைமேல் வைத்து அளந்து "ரோட்டர் நல்லது" என்று சொல்லி, ரெகுலேட்டரையும் டயோடு போர்டையும் வாங்கி மாற்றிக்கொண்டே போகும் வண்டிகள் இருக்கின்றன. இதுவும் அந்த வழியில் போயிருக்கும்.

கழற்றியது

முதலில் பேட்டரியின் எர்த்தைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரில் நேரடியாகப் பேட்டரி வயர் உண்டு, ஸ்பானர் பட்டால் தீப்பொறிதான். மூடியைத் திறந்து, பிரஷ்களை வெளியே தூக்கிவிட்டு, பிறகு ஸ்டேட்டரை நேராக இழுக்க வேண்டும். தூக்காமல் இழுத்தால் பிரஷ் உடையும்.

ரோட்டர் கிராங்கின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். நடு போல்ட்டைத் தளர்த்த வண்டியை மேல் கியரில் போட்டுப் பிரேக் பெடலை மிதித்தால் போதும். டி3யில் அந்தப் பெடல் பின் டிஸ்க்கையும் முன் இடது டிஸ்க்கையும் சேர்த்தே பிடிக்கும், வண்டி நகராது. போல்ட்டை எடுத்த பிறகு உள்ளே கடினமாக்கிய எஃகுக் கம்பி ஒன்றைப் போட்டு, ரோட்டரின் சொந்த மரையில் பெரிய போல்ட்டை ஏற்றினால், கம்பி கிராங்கைத் தள்ளி ரோட்டர் கழன்றுவிடும். சாதாரணக் கம்பி வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் தலை விரிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுவதோ, நெம்புகோல் போடுவதோ கிராங்குக்கும் ரோட்டருக்கும் சேர்த்துக் கேடு.

வெளிச்சத்தில் ரோட்டரைத் திருப்பிப் பார்த்ததும் தெரிந்தது. சுருள் கம்பியின் முனை ஸ்லிப் ரிங்கைச் சேரும் இடத்தில், முன்பு எப்போதோ யாரோ மறுபடி பற்றவைத்த ஈயத் திரட்டு. அதைச் சுற்றி மயிரிழை விரிசல். 20 மி.மீ. ஆரத்தில் 6000 ஆர்.பி.எம். சுற்றும் பொருளை வெளியே இழுக்கும் விசை புவியீர்ப்பின் 800 மடங்கு இருக்கும். ஒரு கிராம் ஈயம் முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கிறது. சாதாரண ஈயப் பற்று 183 பாகையில் உருகத் தொடங்குவது. அதற்கு வெகு முன்பே சூட்டில் அதன் பிடிமானம் தளரும். குளிர்ந்தால் விரிசலின் இரு கரையும் ஒட்டிக்கொண்டு கரண்ட் போகிறது, சூட்டில் சுழலும்போது விலகுகிறது.

மறுபடி பற்றவைக்கலாமா என்று நண்பர் கேட்டார். ஏற்கெனவே ஒருமுறை பற்றவைத்துத் தளர்ந்த இடம், கம்பியின் முனையும் மெலிந்து போயிருந்தது. புதிய ரோட்டர் போடுவதே சரி என்றேன். வந்ததும் அளந்தோம்: சுருள் 3.3 ஓம், சுருளுக்கும் ரோட்டர் இரும்புக்கும் இடையே தொடர்பே இல்லை. ஸ்டேட்டரில் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்தோம். ஓர் ஓமுக்கும் கீழே, மூன்றும் ஒரே அளவு.

ஸ்லிப் ரிங்கின் பிசுக்கு எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தாக வேண்டும். கிராங்கின் முன்பக்க ஆயில் சீல் கசிந்து, ஆயிலும் கார்பன் தூளும் கலந்து பசையாகியிருந்தது. சீலை மட்டும் மாற்றினால் அது மறுபடி கசியும். கிராங்கேஸின் காற்றுப்போக்கிக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தோம். வளைவில் ரப்பர் உள்பக்கம் ஊறி ஒட்டிக்கொண்டு பாதிகூடத் திறக்கவில்லை. உள்ளே ஏறும் அழுத்தம் சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. குழாயும் சீலும் சேர்த்தே மாறின.

கிராங்கின் கூம்பையும் ரோட்டரின் உள்பக்கத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, கிரீஸ் எதுவும் தடவாமல் உலர்வாகவே பூட்டி, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினோம். ஸ்டேட்டரைப் போட்டபின் இன்ஜினைக் கையால் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று காதால் கேட்டு உறுதி செய்த பிறகே பிரஷ்களை இறக்கினோம். ரெகுலேட்டரின் எர்த் முனையையும் தேய்த்துச் சுத்தம் செய்தோம். அந்த எர்த் மோசமானால் ரெகுலேட்டர் வோல்டேஜைக் குறைவாக நினைத்துக்கொண்டு பேட்டரியை அளவுக்கு மேல் ஏற்றிவிடும்.

பிரித்துப் போட்டிருந்த கார்புரேட்டர்களைச் சமன்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு முன் டேப்பட் (வால்வு இடைவெளி) 0.22 மி.மீ., பிறகு பாயின்ட் இடைவெளி, அப்புறம் பொறி விழும் டைமிங். இந்த வரிசை மாறினால் கார்புரேட்டர் வேலை வீண். டெல்லோர்ட்டோ விஎச்பி 30 எளிய கார்புரேட்டர். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் சீக்கிரம் படிந்துவிடும்.

பிறகு அதே மீட்டரை அதே டாங்க் மேல் ஒட்டிக்கொண்டு அதே பாதையில், முகப்பு விளக்கோடு, முன்பு வண்டி நின்ற இடத்தையும் தாண்டி ஓட்டினோம். குளிர்ந்தபோது 3000 ஆர்.பி.எம்.மில் 14.1 வோல்ட், நன்றாகச் சூடான பிறகு 13.9. ஐடிலிங்கில் முகப்பு விளக்கு எரிய 12.5, அதாவது இந்த 280 வாட் ஆல்டர்னேட்டரிடம் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஓட்டம் முழுக்க ஒரு தாவலும் இல்லை. இரண்டு பிளக்கும் வெளிர்ப் பழுப்பில் வந்தன.

நண்பர் இப்போது மீட்டர்களுக்குப் பக்கத்தில் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறார். ரோட்டர் அறுந்தால் விளக்கு சொல்லாததை அது சொல்லும். மீட்டர் விளக்குகள் எல்லாம் எல்இடியாகவே இருக்கட்டும் என்று அவர் விரும்பியதால், சார்ஜ் விளக்கிலும் எல்இடியைத் திரும்பப் போட்டு, அதற்கு இணையாக 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தேன். 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர் விடும், பல்பு விட்ட அதே அளவு. எரியும்போது சூடாகும் என்பதால் மீட்டரின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைக்காமல், முகப்பு விளக்குக் கிண்ணத்தின் இரும்பில் ஒட்டினாற்போல் கட்டி வைத்திருக்கிறது.